கேட்டுத் தொடுகிற கை

முதியோர் காப்பகத்தின் நடையில் கால் வைத்தபோதே ஆனந்தவள்ளிக்குக் கணவரின் சிரிப்பு கேட்டது. வாதம் இழுத்த வாய்க்கு முடிந்த மட்டும் ஒரு குழறல். ஆனாலும் சிரிப்புதான். கட்டிலருகே நின்று அவர் கழுத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள் ஹஸீபா, அவரைப் பார்த்துக்கொள்ளும் பெண்.

ஆனந்தவள்ளி கீழப்பாவூரிலிருந்து பஸ் மாறிக் குற்றாலம் வந்து எதிரே உட்கார்ந்தால் கணவர் குற்றாலீஸ்வரன் ஜன்னலைப் பார்ப்பார். அவள் ஊட்டிய உளுந்தங்களியைத் துப்பினார். அதே களியை ஹஸீபா கொடுத்தபோது இறங்கியது. போலீஸ் உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் வீட்டுக்குள் சிரித்தறியாத மனிதர். அந்தச் சிரிப்பு எங்கேயோ இருந்திருக்கிறது, தனக்குத்தான் கிடைக்கவில்லை என்று நினைத்தபோது அவளுக்கு வயிறு எரிந்தது. இந்த வயதில் இப்படி எரிகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

திரும்பும் வழியில் பொறுப்பாளர் ஆவுடைத்தாயிடம் சொன்னாள். "பொம்பளப்பிள்ள பாக்கது அவியளுக்குச் சங்கடமா இருக்கு. ஆம்பள ஆளு யாரையாவது போடுங்க."

அடுத்த வாரம் அவள் சாரலில் நனைந்து வந்தபோது ஹஸீபாவின் இடத்தில் பாண்டிராஜ் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றான். நல்ல பையன். துணியெல்லாம் சுத்தமாக மாற்றியிருந்தான். ஆனால் குற்றாலீஸ்வரனின் உதடு இறுக மூடியிருந்தது. தாடையில் கஞ்சி வழிந்து காய்ந்திருந்தது.

"வாயத் தொறக்கவே மாட்டேங்காவ மதினி," என்றான். "முந்தாநாளுலேர்ந்து இப்படித்தான்."

ஆனந்தவள்ளி கொஞ்ச நேரம் அந்தத் தாடையையே பார்த்தாள். பிறகு தானே போய் அடுத்த அறையிலிருந்த ஹஸீபாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"அண்ணாச்சி, வெளிய சாரல் விழுது," என்றாள் ஹஸீபா. "மொகத்தத் தொடச்சு விடட்டா?"

கேட்டுவிட்டு நின்றாள். ஈரத்துணி கையிலேயே இருந்தது. அவர் இமையை மூடித் திறந்த பிறகுதான் தொட்டாள். கையைத் தூக்கவும் கேட்டாள், சட்டைப் பொத்தானைக் கழற்றவும் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அவர் சம்மதம் சொல்லும் வரை காத்திருந்தாள்.

வாசலில் நின்ற ஆனந்தவள்ளிக்கு மறுபடியும் எரிந்தது. ஆனால் இந்தத் தடவை ஹஸீபாமேல் இல்லை, கட்டிலில் கிடந்தவர்மேல். கல்யாணத்திலிருந்து இன்றுவரை இப்படிக் கேட்டுவிட்டு யாரும் தன் முன்னால் காத்து நின்றதில்லை. அவரும்தான். ஹஸீபா ஊட்ட, அவர் வாய் திறந்து கஞ்சி குடித்தார்.

"நாந்தான் ஒன்ன மாத்தச் சொன்னேன்," என்றாள் ஆனந்தவள்ளி.

"தெரியும் மதினி."

ஹஸீபா கிண்ணத்தை வைத்துவிட்டுத் திரும்பி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அலமாரியிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள்.

"தல நல்லா நனைஞ்சிருக்கே. துவட்டி விடட்டா?"

ஆனந்தவள்ளியின் பின்னலிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. கட்டிலிலிருந்து குற்றாலீஸ்வரன் ஜன்னலை விட்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். துண்டை விரித்துப் பிடித்தபடி ஹஸீபா நின்றாள், அவள் சொல்வதற்காக.