மாத்திரை கொடுத்த பேச்சு

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் வைத்த பெயர் ஊமைக்கோட்டான். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலை. யாரிடமும் வாயைத் திறக்கத் தேவையில்லை. வீட்டிலும் அதே கதைதான். நானோ ஜெராக்ஸ் கடையில் நாள் முழுக்க வாயாடுகிறவள். கல்யாணமான புதிதில் சுவரில் முட்டிக்கொள்ளலாமா என்றுகூட நினைத்திருக்கிறேன். அப்புறம் பழகிவிட்டது.

போன வருடம் அவருக்கு வலது கை நடுங்க ஆரம்பித்தது. நரம்பு டாக்டரம்மா பார்த்துவிட்டு, "மூளையில ஒரு நரம்பு இன்னொரு நரம்புக்கு ரசாயனத்தை அனுப்பித்தான் சேதி சொல்லும். அதுல டோபமைன்னு ஒண்ணு இவருக்குக் குறைஞ்சுபோச்சு. இந்த மாத்திரை அதோட வேஷத்துல போய் அந்த வேலையைச் செய்யும்" என்றார்.

செய்தது. கை அடங்கியது. கூடவே மனுஷனுக்கு வாயும் திறந்துவிட்டது!

"இந்தக் கலர் உனக்கு எடுப்பா இருக்கு" என்றார் ஒரு நாள். வேறு யாராவது நிற்கிறார்களா என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். கல்யாணத்தன்று என் பக்கத்தில் உட்கார்ந்தபோது பயத்தில் தொண்டை வறண்டுபோனதாம். அதைச் சொல்ல இத்தனை வருஷம்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

இன்னொன்றும் வந்தது. ஸ்குரூடிரைவரை எடுத்தால் கீழே வைக்கமாட்டார். கடிகாரம், ரேடியோ, மின்விசிறி எல்லாவற்றையும் கழற்றுவார், துடைப்பார், திருகுகளை அளவு பார்த்து வரிசையாக வைப்பார். திரும்பப் பூட்டமாட்டார். சோறு தண்ணி மறந்துபோகும். "என் ஜெராக்ஸ் மெஷின்ல கை வெச்சீங்க, அன்னிக்கே டைவர்ஸ்தான்" என்றேன். சிரித்தார். வீடு காயலான் கடையானால் ஆகட்டும், பேசுகிறாரே என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் காலையில் அடுப்புப் பற்றவைக்கத் தீக்குச்சியை எடுத்தேன். குப்பென்று கேஸ் நாற்றம். கீழே பார்த்தால் இவர் சிலிண்டர் குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு, அதே சமையலறைத் தரையில் உட்கார்ந்து பர்னரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு நாற்றமே தெரியவில்லை.

அன்றைக்கே டாக்டரம்மாவிடம் போனோம்.

"புதுசா ஏதாவது பழக்கம் உண்டா? விடவே முடியாத மாதிரி?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றார் இவர், கூசாமல்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார். அதோடு இவர் பேச்சும் போய்விடும்.  ஆனால் பாழாய்ப்போன அந்தக் கேஸ் நாற்றம் மூக்கை விட்டுப் போகவில்லை. சொல்லிவிட்டேன்.

"அந்த மாத்திரைக்கு அந்தக் குணம் உண்டும்மா. கையை அடக்குற இடத்தோட நிக்காது, ஆசையைக் கிளப்புற இடத்துக்கும் போய்க் கதவைத் தட்டும். ஒரேயடியா நிறுத்தக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு வேற மாத்திக்கலாம்."

"அப்ப இவர் எங்கிட்ட பேசினதெல்லாம்?"

"எது மாத்திரை, எது இவர்னு எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியாதும்மா."

வழியெல்லாம் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. காட்டிக்கொடுத்தவள்தானே நான். வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டார்.

"முழுசா நிறுத்த எத்தனை நாள் ஆகும்னாங்க?"

"மூணு வாரம்."

தரையில் கிடந்த ரேடியோ பாகங்களைக் காலால் ஒதுக்கிவிட்டு, இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டார்.

"இன்னிக்குக் கடை திறக்காத. வந்து உட்காரு. உங்கிட்ட சொல்ல வேண்டியது இன்னும் நிறைய இருக்கு."