மார்லிஸுக்குப் பதினொரு நாள்

நன்றி அட்டை எழுதுவதற்காகத்தான் மார்லிஸ் பட்டறைப் பலகையிலிருந்து அந்தத் தாளைக் கழற்றினாள். கணவன் ஆரினை அடக்கம் செய்து ஒன்பது நாள் ஆகிவிட்டது. மினசோட்டாவில் ஒருவர் ஒரு தட்டு பலகாரம் கொடுத்தாலே கைப்பட நன்றி எழுதி அனுப்பிவிட வேண்டும். அந்தத் தாளில் பெயர் எழுதியவர்கள் ஆளுக்கொரு விடுப்பு நாளையே கொடுத்தவர்கள்.

பிப்ரவரியில், கணையத்தில் புற்று, இரண்டு மாதம் தாண்டாது என்று டாக்டர் சொன்ன மறுநாள், தான் வேலை பார்க்கும் கதவுப் பட்டறையின் முதலாளி டெரிக்கிடம் போய் நின்றாள். அவனுடைய ஆறு வயதில் தேவாலய நாடகத்தில் அவனுக்குத் தேவதைச் சிறகு கட்டிவிட்டவள் அவள்தான்.

"சம்பளத்தோட லீவு ஏதாவது உண்டா, டெரிக்?"

"சட்டமெல்லாம் அம்பது பேர் இருக்கற கம்பெனிக்குத்தான், மார்லிஸ். நாம முப்பத்திநாலு பேர். நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க."

நவம்பரில் மான் வேட்டை தொடங்கினால் பட்டறையையே இரண்டு நாள் மூடுகிறவன் அவன். அதைச் சொல்லிக் காட்ட அவளுக்கு வாய் வரவில்லை. அன்று மத்தியானமே சாப்பாட்டு அறைப் பலகையில் ஒரு தாளைக் குத்தினான். 'மார்லிஸுக்கு ஒரு நாள்' என்று மேலே பெரிதாக அவன் கையெழுத்து. கீழே பதினொரு பேர் தங்கள் விடுப்பில் ஆளுக்கு ஒரு நாளை எழுதிக் கொடுத்தார்கள். மீன்பிடிப் பருவத்தின் முதல் நாளுக்கென்று வைத்திருந்ததை முதலில் கொடுத்தவன் லைல். "மீனெல்லாம் எங்க ஓடிடப் போகுது?" என்றான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எல்லோரும் டெரிக்கின் கையைக் குலுக்கினார்கள்.

சனி, ஞாயிறு போகப் பதினொரு வேலை நாள் அவள் வீட்டில் இருந்தாள். ஆரினுக்குச் சவரம் செய்துவிட்டாள், ஏரி தெரியும் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டாள். பன்னிரண்டாம் நாள் காலையில் அவர் கேட்டார்:

"இன்னிக்குப் போயே ஆகணுமா?"

"நாள் தீந்துடுச்சுங்க."

அதன் பிறகு அவர் கேட்கவேயில்லை. அவள் பத்தொன்பது நாள் வேலைக்குப் போனாள். பத்தொன்பதாம் நாள், அவள் பட்டறையில் ஒரு கதவுச் சட்டத்தில் பசை தடவிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் போனார். பக்கத்தில் இருந்தது பக்கத்து வீட்டுக்காரி.

இப்போது தாளைக் கழற்றியதும், அடியில் அதே நான்கு ஊசிகளில் இன்னொரு தாள் இருந்தது. மாநில அரசின் அறிவிப்பு. ஜனவரி ஒன்று முதல் அமல். ஒரே ஒரு தொழிலாளி உள்ள நிறுவனத்துக்கும் பொருந்தும். கடும் நோயுற்ற குடும்பத்தாரைக் கவனிக்கப் பன்னிரண்டு வாரம் வரை, சம்பளத்தில் ஒரு பகுதியோடு.

பன்னிரண்டு வாரம். ஆரினுக்கு ஆறு வாரம்தான் தேவைப்பட்டது.

சாப்பாட்டு நேரம். டெரிக் காபி ஊற்றிக்கொண்டிருந்தான்.

"இதை யாரு மாட்டினது?"

"ஆபீஸ்ல மாட்டியிருப்பாங்க. மாட்டணும்னு வந்துச்சு, மாட்டினோம்."

"படிச்சியா?"

"வருஷத்துக்குப் பத்து நோட்டீஸ் வருது, மார்லிஸ். எனக்குத் தெரிஞ்ச பழைய சட்டம் அம்பதுதான். நல்ல மனசோடதானே நாங்க எல்லாரும்..."

"அவங்க நல்ல மனசை எடுத்து இது மேல குத்தி மறைச்சது நீ. படி. இப்போ."

அவன் தாளை வாங்கி வாய்க்குள்ளேயே வாசித்தான்.

"சத்தமா! நாடகத்துல எப்படிச் சொல்லிக் குடுத்தேன்? கடைசி பெஞ்சுக்குக் கேக்கணும்."

காது சிவக்க, அவன் முதலிலிருந்து வாசித்தான். அறையில் யாரும் மெல்லவில்லை. லைல் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"ஒருத்தர் இருந்தாலுமா? அடுத்த மாசம் எங்கம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன். என்கிட்டயும் அம்பதுன்னுதானேய்யா சொன்னே?"

மார்லிஸ் அறிவிப்பை அவன் கையிலிருந்து பிடுங்கி, பலகையின் நடுவில், நான்கு ஊசியையும் அழுத்திக் குத்தினாள்.

அன்று வீட்டுக்குப் போய்ப் பதினொரு அட்டை எழுதினாள். லைலுக்கு, 'நீங்கள் கொடுத்த நாளில் ஆரின் இரண்டு கரண்டி சூப் குடித்தார்' என்று எழுதினாள். டெரிக்குக்கு எழுதவில்லை. அந்தத் தாளில் தலைப்பு மட்டுமே அவனுடையது.