இல்லத்திலிருந்து புறப்படும்

கப்பலில் தீ கூடாது. குடியேறிய அன்றே சொல்லிவிட்டார்கள். ஊதுபத்தி, கற்பூரம், எண்ணெய் விளக்கு எதுவும் ஏற்றக்கூடாது. அதனால் அமுதவள்ளி பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் வாங்கிய பேட்டரி விளக்கு ஒன்றைத்தான் அறையில் வைத்திருந்தாள். அகல் வடிவத்தில் பிளாஸ்டிக். திரி இருக்கவேண்டிய இடத்தில் மஞ்சளாக ஒரு பல்பு. அதைப் பார்க்கும்போதெல்லாம், "ஒன் சாமி பேட்டரில ஓடுது லா," என்று சுகுமாறன் சிரிப்பார்.

அவர் போனபோது தலைமாட்டில் வைத்ததும் அந்த விளக்குதான்.

கப்பல் கொழும்பைத் தாண்டியிருந்தது. காலையில் பசியாறப் போவதற்காகச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தவர், பொத்தானில் கைவைத்தபடியே கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு எழவில்லை. கப்பல் டாக்டர் வந்து பார்த்து, அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். மாலைக்குள் உடலைக் கீழ்த்தளத்துக் குளிர் அறைக்கு இறக்கிவிட்டார்கள். மேல்தளத்தில் வாத்தியக்காரர்கள் வழக்கம்போல வாசித்தார்கள். ஆண்டு முழுக்கக் கப்பலிலேயே குடியிருப்பவர்களில் பாதிப் பேர் வயதானவர்கள். இப்படி ஒருவர் போவது அவர்களுக்குப் பழக்கம். பக்கத்து அறை ஆஸ்திரேலியக் கிழவி அவளைக் கட்டிப்பிடித்து, ஒரு தட்டு பிஸ்கட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

கப்பலின் அடுத்த துறை கிள்ளான், அவர்களுடைய சொந்த ஊர்ப் பக்கம்.

பிள்ளை இல்லாதவர்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டை விற்றுவிட்டுக் கப்பலில் அறை வாங்கியது அவருடைய யோசனை. ரயில்வேயில் காலம் கழித்தவருக்கு ஓடுகிற வீடு பிடித்திருந்தது. "வாசல் கூட்ட வேணாம், புல்லு வெட்ட வேணாம். வீடே நம்மள தூக்கிட்டுப் போகும், வள்ளி," என்றார். அவள் அன்றைக்குக் கேட்டது ஒரே கேள்வி. "நமக்கு ஒண்ணு ஆச்சுன்னா எந்த வாசல்லேருந்து தூக்குவாங்க?"

"செத்தவனுக்கு வாசல் எதுக்கு?" என்றார் அவர்.

செத்தவருக்கு வேண்டாமாயிருக்கலாம். அவளுக்கு வேண்டியிருந்தது. ஒரு வாசல், அங்கே கொஞ்ச நேரம், அப்புறம் அவரை எடுத்துப் போகட்டும். குளிர் அறையிலிருந்து நேரே சுடலைக்கு அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. சரக்கை இறக்குகிற மாதிரி இருந்தது அது.

கொழுந்தனார் மகன் ஜீவனுக்குப் போன் போட்டாள். அவன் அப்பா போய்ச் சேர்ந்தாயிற்று; அவன் தெலுக் பங்லிமா காராங்கில் பேக்டரி ஹாஸ்டலில் கிடக்கிறான்.

"என் ரூம்ல நாலு பேரு, பெரியம்மா. மேல் பங்க்ல நான் படுத்திருக்கேன். நான் எங்க கொண்டுபோய் வைப்பேன்?"

"மலர் வீட்ல கேட்டியா?"

"கேட்டேன். அத்தை ஒரே அழுக."

மலர் அவருடைய தங்கை. செராஸில் வீடு. அவளே பிறகு கூப்பிட்டாள். "அண்ணி, பந்தக்கால் ஊனியாச்சு அண்ணி. பொண்ணுக்கு நலுங்கு வச்சு உக்கார வச்சிருக்கோம். என் கூடப்பொறந்தவன், என் வீட்டுக்கு வேணாம்னு நான் சொல்றேன் பாருங்க. என்னை என்ன வேணா திட்டுங்க."

அமுதவள்ளி திட்டவில்லை. பந்தக்கால் ஊன்றிய வீட்டுக்குப் பிணம் போகாது. அது அவளுக்கும் தெரிந்ததுதான். "கல்யாணம் நல்லா நடக்கட்டும்," என்று போனை வைத்தாள்.

கிள்ளானின் புலாவ் இண்டா துறையில் கப்பல் கட்டியதும், போலீஸ், சுகாதாரத்துறை எல்லாம் பார்த்து முடித்தபின், பயணப் பெட்டிகள் இறங்குகிற பக்கவாசல் வழியாகவே அவரையும் இறக்கினார்கள். அமரர் ஊர்தியோடு காத்திருந்தவர் தம்புசாமி என்பவர். வாயில் வெற்றிலை, இடுப்பில் இரண்டு போன்.

"வீடு எங்கங்க ஆன்டி?" என்றார்.

அவள் திரும்பிக் கப்பலைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். "சரி, சரி. நேரா செராஸ் மின்சுடலைக்கே போயிடுவோம். இப்பல்லாம் நெறைய பேரு அப்படித்தான். கோண்டோ அடுக்குமாடில பெட்டிக்கு லிஃப்ட்டு பத்தாது."

நெடுஞ்சாலையில் பாதி தூரம் போனபோது, துறையில் வந்து கூட ஏறிக்கொண்ட ஜீவனின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல்.

"ஹலோ, யாருங்க செத்தா என் வீட்ல?"

"என்னங்க?"

"நான் மார்க்கெட்டுக்குப் போயிட்டு வரேன், என் வீட்டு முன்னால நாற்காலி போட்டு பத்துப் பதினஞ்சு பேரு உக்காந்திருக்காங்க. ஒரு அங்கிள் மாலையோட நிக்கிறாரு. என்னைப் பாத்து, 'மனசத் தேத்திக்கம்மா'ங்கிறாரு. என் வீட்டுக்காரரு உள்ள டிவி பாத்துக்கிட்டிருக்காரு!"

ஜீவனுக்குப் புரிந்துவிட்டது. போன ஆண்டு அவன் அப்பா இறந்தபோது, இன்னும் விற்காதிருந்த அந்தப் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டிலிருந்துதான் எடுத்தார்கள். அந்த மரண அறிவிப்பு அவன் போனிலேயே இருந்தது. அதையே எடுத்து, படத்தை மாற்றி, பெயரை மாற்றி, தேதியை மாற்றி எல்லோருக்கும் அனுப்பியிருந்தான். 'அன்னாரின் நல்லுடல் கீழ்க்காணும் இல்லத்திலிருந்து புறப்படும்' என்ற வரியை மாற்றவில்லை. அதன் கீழே இருந்த விலாசத்தையும்.

"பெரியம்மா, சத்தியமா நான்..."

"போனைக் குடு," என்றாள் அமுதவள்ளி.

வீட்டை வாங்கியவள் பெயர் மார்க்கிரட். சாவி கொடுத்த அன்று பார்த்தது. "மார்க்கிரட், நான் அமுதவள்ளி பேசுறேன். சாவி குடுத்தவ. செத்தது என் வீட்டுக்காரரு."

"ஐயோ. ஜீசஸ். அந்த அங்கிளா?"

"தப்பு நடந்துபோச்சு. ஆனா இப்ப எல்லாரும் அங்க இருக்காங்க. கொஞ்ச நேரம் அவரை அந்த வாசல்ல வச்சுக்கவா? கும்பிட்டுக் கேக்குறேன்."

பின்னால் யாரோ தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது.

"மக ஷாமினி முழுகாம இருக்கா அக்கா. தலைச்சன். பேறுகாலத்துக்கு வந்திருக்கா. உள்ள வேணாம். போர்ச்சுலயும் வேணாம். கேட்டுக்கு வெளிய, ரோட்டுல... அது யாரு ரோடோ. நான் ஒண்ணும் சொல்லல."

"அது போதும்," என்றாள்.

கேட்டுக்கு நீலப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அவர் வைத்த கறிவேப்பிலை மரம் இல்லை. அங்கே சிமெண்ட் போட்டிருந்தது. ஜன்னல் திரைகள் எல்லாம் இழுத்து மூடியிருந்தன. கேட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, சாக்கடை மூடிமேல் கால் வைத்த ஸ்டாண்டில் பெட்டியை இறக்கினார் தம்புசாமி. ஒரு லோரி ஹார்ன் அடித்தது. "போயா, பொணம் கெடக்குது தெரியல?" என்று அவர் கத்தினார்.

ஜீவன் கற்பூரம் ஏற்றினான். காற்றில் அணைந்தது. மறுபடி ஏற்றினான். மாலையோடு நின்ற கிழவர் சுகுமாறனோடு ரயில்வேயில் இருந்தவர். பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "என்னடா இது, ஊரெல்லாம் சுத்திட்டு ரோட்டுல படுத்திருக்க," என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அமுதவள்ளி பெட்டிக்குள் கணவருடைய சட்டையின் மேல்பொத்தான் திறந்திருப்பதைக் கண்டு, அதை மாட்டினாள். விரல் பட்ட மார்பு கல்லாகக் குளிர்ந்திருந்தது.

வண்டி கிளம்பியது. பெண்கள் சந்து முனைவரை நடந்து, அங்கே நின்று, அழுது, திரும்பினார்கள். வாசலிலிருந்து எடுத்தால் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. எடுத்தபின் வீட்டைக் கழுவிவிட்டு, கிடத்திய இடத்தில் விளக்கேற்றுவதே அவர்கள் வேலை. பழக்கத்தில் எல்லோரும் நேராகக் கேட் வரை வந்துவிட்டார்கள். ஒருத்தி கால் கழுவத் தண்ணீர்க் குழாயைக்கூடத் தேடினாள். கேட் பூட்டியிருந்தது.

உள்ளிருந்து மார்க்கிரட் ரப்பர் ஹோசோடு வந்தாள். கேட் கம்பி வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சினாள். கற்பூரக் கரியையும் உதிர்ந்த பூவையும் அடித்துச் சாக்கடையில் தள்ளினாள். டெட்டால் வாசனை. தண்ணீர் அமுதவள்ளியின் செருப்பை நனைத்துக்கொண்டு ஓடியது. மார்க்கிரட் நிமிர்ந்து பார்க்கவில்லை. "தப்பா நெனக்காதீங்க அக்கா. மகளுக்காக."

"நல்லாக் கழுவும்மா," என்றாள் அமுதவள்ளி. "அந்த ஓரம் இன்னும் இருக்கு."

வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். மாலைக்காரக் கிழவரின் மகள்தான் அவளைக் காரில் ஏற்றினாள். "எங்க விடணும் ஆன்டி? வீட்டுக்கா?" என்று கேட்டவள், கேட்டபின் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஆமா. புலாவ் இண்டாவுக்கு."

வழியில் ஜீவன் போன் செய்தான். "முடிஞ்சிருச்சு பெரியம்மா. நாளைக்குச் சாம்பல வாங்கி, கிள்ளான் கடல்ல கரைச்சிடுறேன். நீங்க இருந்துட்டுப் போலாம்ல?"

"எங்கடா இருக்கச் சொல்ற?"

கப்பல் எத்தனை மணிக்கு என்று கேட்டான் அவன்.

கப்பல் புறப்படும் மணி அடித்துக்கொண்டிருந்தது. அறையை வழக்கம்போலத் துப்புரவு செய்திருந்தார்கள். புது விரிப்பு. தலையணையில் அவர் தலை பதிந்த குழி இல்லை. குளியலறையில் அவருடைய பல்துலக்கியும் இல்லை. எடுத்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, மரியாதையாக அலமாரிக்குள் வைத்திருந்தார்கள். கழுவ எதுவும் மிச்சமில்லை.

ஆனாலும் குளியலறைக் கோப்பையில் தண்ணீர் பிடித்து வந்து, கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் ஊற்றினாள். கம்பளம் அதை உறிஞ்சியது. இன்னொரு கோப்பை ஊற்றினாள். ஈரம் கறுப்பாகப் பரவியது. அதன்மேல் பேட்டரி விளக்கை வைத்துப் பொத்தானை அழுத்தினாள். அது எரிந்தது. தரை அதிர்ந்தது; கப்பல் துறையை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது. மேசையில் தண்ணீர்க் குவளை சாய்ந்து ஆடியது, திரை ஆடியது. அந்த மஞ்சள் சுடர் மட்டும் அசையாமல் நின்றது.

ஈரத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் யாரோ கதவைத் தட்டி, இரவு உணவுக்கு ஒருவரா என்று கேட்டார்கள்.