அருவிக்கு ஐம்பது நிமிடம்

சுவிஸ் மலைப்பாதைகளில் மஞ்சள் பலகை தூரத்தைச் சொல்லாது, நடக்கும் நேரத்தைத்தான் சொல்லும். ‘அருவி: 50 நிமிடம்’ என்ற பலகை உர்சினாவின் பொறுப்பு. வருடா வருடம் நடந்து பார்த்துச் சரிபார்ப்பாள். முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் ஐம்பது நிமிடம் போதவில்லை. அதற்காக எண்ணை மாற்றுவதா? இத்தனை காலம் பலகை பொய் சொன்னதாகிவிடாதா! பலகையையே பிடுங்கி மேலே தள்ளி நட்டாள். இப்படி நட்டு நட்டு, இந்தக் கோடையில் அது அருவியின் சாரலிலேயே நின்றது.

சூரிச்சிலிருந்து வந்த ரெட்டோ நனைந்துகொண்டே கேட்டான்: “ஏங்க, அருவி இதோ இருக்கு. அம்பது நிமிஷம்னு போட்டிருக்கே?”

“அப்ப நீங்க சீக்கிரமா வந்துட்டீங்க,” என்றாள் உர்சினா சுள்ளென்று.

ரெட்டோ கடிகாரத்தைப் பார்த்தான். முகம் சிவந்துவிட்டது. “மன்னிச்சுக்கங்க,” என்று சொல்லி, நேரம் ஆகும்வரை அருவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.