சாட்டில் கேளும்மா

"மேசைமேல இருக்கிற அந்தப் புத்தகத்தைக் குடுங்கக்கா."

அவளைப் போன்ற இணையவழி மாணவர்கள் நூலகத்துக்கு நேரில் வந்து கேட்கவே கூடாது என்று கல்லூரியில் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். ஆனால் நாளை தேர்வு, இணையத்தில் அந்தப் புத்தகம் திறக்கவேயில்லை. விவரம் கேட்க வீட்டில் படித்தவரும் கிடையாது.

"சாட்ல கேளும்மா," என்றார் நூலகர்.

நின்ற இடத்திலேயே கைபேசியில் நூலகத்தின் சாட்டைத் திறந்து, புத்தகம் வேண்டும் என்று தட்டினாள். நூலகரின் கணினி 'டிங்' என்றது. அவரே பதில் அடித்தார்.

'நூலகத்தை நேரில் அணுகவும்.'

"நேர்லதானேக்கா நிக்கிறேன்?"

"அது சாட்ல வர்றவங்களுக்கும்மா. நீ நேர்ல வந்திருக்கியே."

"ரெண்டும் நான்தான்."

நூலகர் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து விழித்தார். அவள் புத்தகத்தைக் கையில் எடுத்தாள்.

"எடுத்துட்டேன்னு சாட்ல சொல்லிடறேன்க்கா," என்றபடி வாசலைத் தாண்டினாள்.