எடுத்தாச்சு

வில்லாபுரத்தில் முருகம்மாளிடம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான். அவர்கள் வாய்தான் நல்ல வாய் இல்லை. மாடிப்படி ஏறி வந்து, மூச்சு வாங்கி, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதல் கேள்வியாக இதைத்தான் கேட்டார்கள்.

"எப்ப எடுக்குறாங்க?"

மதுரைப் பக்கத்தில் இந்தக் கேள்வியை எங்கே கேட்பார்கள் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாலையும் கையுமாக வந்து, பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகக் கேட்கிற கேள்வி அது. பிணம் என்று சொல்ல நாக் கூசி, எடுப்பது என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் தவசி சாகவில்லை. வடக்கே ஒரு மலைநாட்டில், நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து வழியை அடைத்துக்கொண்டதில், இன்னும் ஐந்து பேரோடு உள்ளே மாட்டிக்கொண்டிருந்தான்.

"எடுக்குறதுக்கு அவரு என்ன பொணமா? எப்ப வெளிய வருவாருன்னு கேளுங்க," என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னாள் முருகம்மாள். அடி வாங்கியவர்கள் இறங்கிப் போய்த் தெருமுனையில் நின்று, "புருசன் குழிக்குள்ள கெடக்கான், இவளுக்குத் திமிரப் பாத்தியா," என்று பேசிக்கொண்டார்கள்.

தவசி வாடிப்பட்டிக்காரன். கிணற்று மோட்டார், போர் மோட்டார் எல்லாம் பார்க்கிற மெக்கானிக். கூடுதல் சம்பளம் என்று ஒரு காண்ட்ராக்டர் கூப்பிட்டான், போனான். சுரங்கத்தில் ஊறுகிற தண்ணீரை இறைக்கும் மோட்டாரைப் பார்த்துக்கொள்வது வேலை. அந்த மோட்டார் அடியில் சிக்கிக்கொண்டது என்று இறங்கினான். அந்த நேரம் பார்த்து, பக்கத்தில் கைவிட்டுக் கிடந்த பழைய சுரங்கத்தின் சுவர் உடைந்து தண்ணீர் பாய்ந்துவிட்டது. அது அனுமதி இல்லாத சுரங்கம் என்பது அதற்குப் பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. இத்தனை காலமும் தெரியாத மாதிரி இருந்த அதிகாரிகளுக்கும் அன்றைக்குத்தான் தெரிந்ததாம்.

முதலில் ஊரே உருகியது. தண்ணீரை இறைக்க ராட்சஸ பம்பும், முங்கித் தேடக் கடற்படை ஆட்களும் அங்கே போனார்கள். கோயிலில் விளக்குப் போட்டார்கள். டிவியில் பெட்டி பெட்டியாக முகங்கள் உட்கார்ந்து உச்சுக் கொட்டின. அனுமதி இல்லாத சுரங்கம் என்ற செய்தி வந்ததோ இல்லையோ, உருகியதெல்லாம் இறுகிப்போனது. முருகம்மாள் அப்பளக் கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் செல்போனை எடுத்து, செய்திக்குக் கீழே ஜனங்கள் எழுதியதைப் படிப்பாள். 'கரி திருடப் போனவனுக்கு எதுக்குடா கடற்படை?' 'எலி வளைக்குள்ள போனா எலி மாதிரிதான் சாகணும்.' 'நம்ம வரிப்பணம் தண்ணியா ஓடுது.' ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் பதில் போட்டாள். விரலெல்லாம் அப்பள மாவு. போனின் திரை வெள்ளையாகிவிடும். முந்தானையால் துடைத்துவிட்டு அடுத்தவனைத் திட்டப் போவாள். திட்டியதால் யாரும் திருந்தவில்லை. அவளுக்கு அது தெரியும். திட்டாவிட்டால் மதியச் சோறு இறங்காது, அவ்வளவுதான்.

கீழ்வீட்டில் வீட்டுக்காரர் ராமமூர்த்தி. சேலை வியாபாரம் பார்த்துவிட்டு மகனிடம் கடையைக் கொடுத்தவர். இப்போது அவருக்கு டிவிதான் தொழில். முருகம்மாள் படியேறும்போது கூப்பிட்டு நிறுத்தினார்.

"முருகம்மா, தப்பா நெனைக்காத. ஒரு நாளைக்கு அந்த ராட்சஸ பம்பு ஓட எம்புட்டு டீசல் குடிக்கும் தெரியுமா? எல்லாம் நாம கட்டுற டாக்ஸ். ஒரு கணக்கு வழக்கு வேணாமா?"

"உங்க டாக்ஸ்ல எம் புருசனுக்குப் போனத மட்டும் தனியா எழுதி வைங்க சார். வந்ததும் மோட்டார் ரிப்பேர் பாத்துக் கழிச்சிருவாரு."

உள்ளேயிருந்து அவர் மனைவி ஹம்சவேணி ஒரு சத்தம் போட்டாள். புருசனும் பெண்டாட்டியும் சௌராஷ்டிர பாஷையில் சண்டை போட்டால் முருகம்மாளுக்கு ஒரு சொல்லும் விளங்காது. அன்றைக்கு மட்டும் எல்லாம் விளங்கியது. கொஞ்ச நேரத்தில் ஹம்சவேணி ஒரு கிண்ணத்தில் புளியோதரையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போனாள். அந்தத் தெருவில் ஒன்றும் கேட்காத ஒரே ஆள் அவள்தான்.

முருகம்மாளின் தம்பி சிவக்குமார் செய்தி கேட்டதும் லீவு போட்டுவிட்டு அந்த மலைக்கே போய்விட்டான். அங்கே சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். கிடைக்கும்போது கூப்பிடுவான். "பம்பு ஓடுதுக்கா, கேளு," என்று போனைப் பம்புப் பக்கம் காட்டுவான். தடதடவென்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்ட பிறகுதான் அவள் பல்லில் பச்சைத் தண்ணீர் படும்.

கெட்ட நேரம் ஒரு நல்ல செய்தியாக வந்தது. குழிக்குள் சிக்கி வழியை அடைத்துக்கொண்டிருந்த பழைய மோட்டாரை, தவசி சரிபார்க்கப் போன அதே மோட்டாரை, கிரேன் வைத்து மேலே தூக்கிவிட்டார்கள். இனி முங்குகிறவர்கள் உள்ளே போகலாம். சிவக்குமாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்காவைக் கூப்பிட்டான். அவள் போன் சார்ஜ் இறங்கிக் கிடந்தது. அக்கா தெருவிலேயே இருக்கும் தவசியின் கூட்டாளி ராம்கியைக் கூப்பிட்டான். "ராம்கி, தவசி மாமா மோட்டார எடுத்தாச்சு! அக்காகிட்டச் சொல்லிரு!" என்று கத்தினான். காற்று பாதியைத் தின்றுவிட்டது. ராம்கியின் காதில் விழுந்தது, "தவசி மாமா... எடுத்தாச்சு... அக்காகிட்டச் சொல்லிரு."

வேறு ஊர்க்காரன் என்றால், எதை எடுத்தாச்சு என்று திருப்பிக் கேட்டிருப்பான். நம் ஆளுக்கு எடுத்தாச்சு என்றாலே ஒன்றுதான். ராம்கி அழுதான். பொய் அழுகை இல்லை, நெஞ்சு விம்மித்தான் அழுதான். ஆனால் அழுதுகொண்டே அவன் போனது முருகம்மாள் வீட்டுக்கு இல்லை, ஃப்ளெக்ஸ் கடைக்கு. இந்த ஊரில் காது குத்துக்கும் போர்டு, கட்சிப் பதவிக்கும் போர்டு, சாவுக்கும் போர்டு. கூட்டாளி செத்து, வேறு எவனோ முந்திக்கொண்டு போர்டு வைத்துவிட்டால் அதைவிடக் கேவலம் உண்டா?

முருகம்மாள் வேலை முடிந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியபோது தெருமுனையில் தவசி இரண்டு ஆள் உயரத்தில் மேகத்துக்கு நடுவே நின்றான். கண்ணில் கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் கம்ப்யூட்டர் மாலை, காலடியில் குத்துவிளக்கு. 'கண்ணீர் அஞ்சலி. கறுப்புக் கரிக்குள் மறைந்த எங்கள் வெள்ளை மனமே!' என்று கொட்டை எழுத்து. தோற்றம், மறைவு, தேதி எல்லாம் இருந்தது. அடியில் வரிசையாகத் துக்கப்படுகிறவர்கள். அதில் ராம்கி மட்டும் காதில் போனை வைத்துக்கொண்டு சிரித்த முகமாக இருந்தான்.

அவள் தேதியை இரண்டு முறை படித்தாள். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிர்க்கடையில் போனைச் சார்ஜ் போட்டு, சிவக்குமாரைப் பிடிக்கும்வரைக்கும் அவள் விதவையாகத்தான் இருந்தாள்.

"மாமாவுக்கு ஒண்ணும் ஆகலக்கா! மோட்டாரத்தான எடுத்தோம்!" என்று அவன் அலறினான். பிறகு குரல் மாறியது. "எவன்க்கா போர்டு வச்சது? அது இங்க வரைக்கும் வந்திருச்சு. மதியமே டிவியில காட்டிட்டாய்ங்க. காண்ட்ராக்டர் அந்தப் போட்டாவக் காட்டி, பாருங்க, குடும்பத்துல காரியமே ஆரம்பிச்சுட்டாங்க, இனி யாருக்காக எறைக்கணும்னு ஆபீசர்ககிட்டப் பேசுறான். பம்ப நிறுத்திட்டாங்கக்கா."

எழுத்து புரியாவிட்டால் என்ன, மாலையும் விளக்கும் எந்த ஊர்க்காரனுக்கும் புரியும். நிறுத்த ஒரு சாக்குக் கிடைக்காதா என்று இருந்தவர்களுக்கு மதுரையிலிருந்தே அது போய்ச் சேர்ந்துவிட்டது.

ஃப்ளெக்ஸ் கைக்குக் கிழிகிற சாமான் இல்லை. தையல்கடைக்குள் புகுந்து கத்தரியை எடுத்துவந்து, கம்பத்தில் ஏறி நின்று வெட்டினாள். புருசனின் முகத்தில் கத்தரி படாமல் சுற்றிச் சுற்றி வெட்டினாள். கூட்டம் கூடிவிட்டது. ஒருத்தர்கூட ஏணி கொண்டுவந்து பிடிக்கவில்லை, எல்லோர் கையிலும் போன் இருந்தது. "தாலி கழத்த மனசில்ல பாவம், கிறுக்குப் புடிச்சிருச்சு," என்று ஒருத்தி சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

ராம்கி ஓடிவந்தான். விசயம் தெரிந்து முகம் வெளிறியிருந்தது. "மதினி, தெரியாம நடந்துபோச்சு. செத்துட்டாருன்னு பொய்ச்சேதி வந்தா ஆயுசு கூடும்னு சொல்வாங்கள்ல மதினி. அண்ணனுக்கு நூறு வயசு."

"ஒன் ஆயுசுக்கு ஒரு போர்டு வையேன்டா. ஒங்க ஆத்தா பாத்துச் சந்தோசப்படட்டும்."

அவள் போன்களைப் பார்த்துத் திரும்பினாள். "எடுங்க, நல்லா எடுங்க. எம் புருசன் உசுரோட இருக்காரு. இந்தத் தெருவுதான் அவருக்குக் காரியம் பண்ணுச்சு, நான் பண்ணல. பம்ப நிறுத்துனவய்ங்க எவனா இருந்தாலும் கேட்டுக்கங்க. அந்த ஆறு பேரு சாவு ஒங்க தலையிலதான். திருப்பி ஓட்டுங்கடா!"

அந்த வீடியோவை உலகமே பார்த்தது. 'கையில் கத்தரி, வாயில் திமிர்.' 'இழப்பீட்டுக்கு ரேட் ஏத்துறா.' 'இவ புருசன் அங்கேயே நிம்மதியா இருக்கட்டும்.' இப்படி எழுதியவர்களுக்கு நடுவே அந்த மலைநாட்டில் யாரோ ஒரு மேலதிகாரியும் அதைப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் உத்தரவு வர விடிந்து வெகுநேரம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் பம்பு மறுபடி ஓடியது. சிவக்குமார் சத்தத்தைக் கேட்கக் கொடுத்தான். முருகம்மாள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு பேர் உயிரோடு வந்தார்கள். தவசி உயிரோடு வரவில்லை.

சிவக்குமாரோடு விமானத்தில் வந்த பெட்டியை வாங்க முருகம்மாள் தனியாகத்தான் போனாள். ஆம்புலன்ஸில் பெட்டிக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் சிவக்குமார். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"எங்கிட்ட எதையோ மறைக்கிற," என்றாள்.

"வேணாம்க்கா."

"சொல்லு."

உயிரோடு வந்த ஒருவன் சொன்னதைச் சிவக்குமார் சொன்னான். உள்ளே மேடான ஒரு பொந்தில் எல்லோரும் ஒண்டிக் கிடந்திருக்கிறார்கள். ஒரே இருட்டு. தண்ணீருக்குள் இறங்கிய பம்புக் குழாய் வழியாகச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. "மோட்டார் ஓடுது, அப்ப மேல ஆள் இருக்கு," என்று தவசிதான் மற்றவர்களைத் தூங்கவிடாமல் தேற்றியிருக்கிறான். ஒரு நேரத்தில் சத்தம் நின்றுபோனது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தான். வரவில்லை. குழாயின் அடிவாயில், தண்ணீரை உறிஞ்சும் இடத்தில் ஃபுட்வால்வு என்று ஒன்று இருக்கும். சேறு அடைத்தால் தண்ணீர் ஏறாது, மேலே நிறுத்திவிடுவார்கள். நம் பக்கத்துக் கிணறுகளில் யாராவது முங்கிப்போய் அதைத் துடைத்துவிட்டு வருவார்கள், மறுபடி ஓடும்.

"கரிச்சேறு, ஃபுட்வால்வு அடைச்சிருச்சுன்னு நெனைச்சிருக்காருக்கா. மத்தவங்க தடுத்திருக்காங்க. நாம தொடச்சு விட்டாத்தான அவங்க ஓட்ட முடியும்னு சொல்லிட்டு முங்கியிருக்காரு. குழாயக் கட்டிப்புடிச்சமேனிக்குத்தான் கெடந்தாரு."

முருகம்மாள் பெட்டியின் மேல் கையை வைத்தாள். மேலே இருக்கிற மனிதர்கள் வேண்டுமென்றே நிறுத்தியிருப்பார்கள் என்று அந்த மனுசனுக்குத் தோன்றவே இல்லை. கோளாறு மோட்டாரில் என்றுதான் நினைத்திருக்கிறான்.

ஆம்புலன்ஸ் பெருங்குடி தாண்டி ரிங் ரோட்டுச் சந்திப்புக்கு வந்தது. நேரே போனால் அவனியாபுரம், வில்லாபுரம். சிவக்குமாரின் போன் அடித்தது. ராம்கி. தெருவே கூடியிருக்கிறது, பெரிய பெரிய ஆட்கள் மாலையோடு வந்திருக்கிறார்கள், டிவிக்காரர்கள் நிற்கிறார்கள், எங்கே வருகிறீர்கள் என்று கேட்டான்.

முருகம்மாள் டிரைவருக்குப் பின்னால் இருந்த கண்ணாடியைத் தட்டினாள். "அண்ணே, வில்லாபுரம் வேணாம். இடது பக்கம் திரும்பி அவரு ஊரு வாடிப்பட்டிக்கு விடுங்க."

"அக்கா, அம்புட்டுப் பேரும் காத்துக்கிட்டு இருக்காங்க," என்றான் சிவக்குமார்.

"காத்துக் கெடக்கட்டும்," என்றாள் முருகம்மாள். "இவரும் மேல ஆள் இருக்குன்னு நம்பித்தான காத்துக் கெடந்தாரு."