மூன்றாவது விசில்

இரண்டாவது விசில் கேட்டபோது பூரிங் சவப்பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக வந்து போனவர்களின் விரல் தடமெல்லாம் அதன்மேல் அப்பிக் கிடந்தது. உள்ளே அன்செல்மோ, கல்யாணத்துக்குப் போட்ட அன்னாசி நார்ச் சட்டையில், புதுமாப்பிள்ளை மாதிரி விறைப்பாகப் படுத்திருந்தார். விராக் டவுனிலிருந்து வந்த அலங்காரக்காரன் உடம்பு கெடாமல் மருந்தேற்றி, முகத்துக்குப் பவுடரைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டிருந்தான். கழுத்துத் தழும்பு தெரியக் கூடாதென்று காலரைக் காது வரை இழுத்துவிட்டிருந்தான். அதுதான் பூரிங்குக்குப் பிடிக்கவில்லை. ஒன்பது வருஷம் தினமும் பார்த்த தழும்பு. அது இல்லாமல் அவர் யாரோ அசலூர்க்காரர் போலிருந்தார்.

புயல் வருகிறதென்றால் முதல் விசிலுக்கு மூட்டை கட்ட வேண்டும். இரண்டாவதுக்குப் பன்றிகளை அவிழ்த்துவிட்டுச் சாலைக்கு வந்து நிற்க வேண்டும். மூன்றாவது கடைசி வண்டிக்கு. அதற்குப் பிறகு பாலத்தை மூடிவிடுவார்கள். இந்த ஏற்பாடெல்லாம் அன்செல்மோ செய்ததுதான். கடலோரத்து நாற்பத்தொரு வீட்டுக்கும் அவர் இருபது வருஷம் தலைவராக இருந்தார். ஜூன் மாசம் வந்தால் வெயிலில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, மேட்டுப் பள்ளிக்கூடம் வரை ஓட்டி ஒத்திகை பார்ப்பார். மனுஷன் புயலைவிடப் பெரிய தொந்தரவு என்று ஊரே முணுமுணுக்கும். முணுமுணுத்துக்கொண்டே ஓடும்.

"அண்ணி, மூட்டை கட்டியாச்சா?" வாசலில் கொழுந்தன் ரூபென் தலையை நீட்டினான். "வானத்தைப் பாருங்க, அடிபட்டுக் கன்னிப்போன மாதிரி ஆயிருச்சு. புயல் சிக்னல் நாலாம்."

"கட்டுறதுக்கு என்ன இருக்கு," என்றாள் பூரிங்.

வீடு முழுக்கக் காபிக் கோப்பைகளும் பிஸ்கட் தூளும் சீட்டுக்கட்டும் இறைந்து கிடந்தன. பிணம் வீட்டில் இருக்கும்வரை பெருக்கக் கூடாது. பிணத்தைத் தனியாக விடவும் கூடாது. மகன் கப்பலில் வேலை பார்க்கிறான், வந்து சேர இன்னும் நாலு நாள் ஆகும். அவன் முகத்தைப் பார்க்கட்டும் என்றுதான் அடக்கத்தைத் தள்ளிப் போட்டிருந்தார்கள். புயல் யாரைக் கேட்டு வருகிறது?

ரூபென் சாலைக்கு ஓடினான். சாலை வாசலிலிருந்து பத்தடிதான். அபாக்கா நார் ஏற்றும் லாரியின் பின்பலகை இறக்கப்பட்டிருந்தது. அதன் பக்கத்தில் பட்டியலும் கையுமாக அடெல்ஃபா நின்றாள். போன வருஷம் அன்செல்மோவுக்கு வாதம் வந்து ஒரு கை விழுந்ததும், விசிலும் பட்டியலும் அவள் கைக்குப் போயின. கர்ப்பிணி, கைக்குழந்தை, படுத்த படுக்கை என்று சிவப்புப் பொட்டு வைத்த பெயர்களைப் படித்து, ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்," என்று ரூபென் இழுத்தான். "எங்க அண்ணன் பெட்டி... ஒரு ஓரமா ஏத்திக்கலாமா? நாங்கல்லாம் வேணா நடந்தே வந்துர்றோம்."

அடெல்ஃபா பட்டியலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மூச்சு விடுறவங்களுக்குத்தான் வண்டி."

அந்த வார்த்தை யாருடையது என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அடெல்ஃபாவின் புருஷன் பீலோ இதே மாதிரி வீட்டில் கிடத்தப்பட்டிருந்தான். இரண்டாம் நாள் புயல். பெட்டியை வண்டியில் ஏற்றச் சொல்லிக் கெஞ்சினாள். பெட்டி வைக்கிற இடத்தில் ஆறு பேர் உட்காரலாம் என்றார் அன்செல்மோ. மூச்சு விடுறவங்களுக்குத்தான் வண்டி என்றார். அப்படியானால் நானும் வரவில்லை, அவரைத் தனியாக விடமாட்டேன் என்று அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டாள். அன்செல்மோ அவளைப் பிய்த்தெடுத்து, அரிசி மூட்டை மாதிரி தோளில் போட்டு வண்டியில் ஏற்றினார். வழியெல்லாம் அவள் அவர் கழுத்தைப் பிறாண்டினாள். நாலு நகமும் பதிந்து நின்றுவிட்டது. தழும்பு எப்படி வந்தது என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், பூனை என்பார். அவர் வீட்டில் பூனையே கிடையாது.

வீட்டுத் தூணில் கட்டிப் போட்ட பீலோவின் பெட்டியை வீட்டோடு சேர்த்துக் கடல் கொண்டுபோயிற்று. மூன்று நாள் தேடினார்கள். அன்செல்மோவும் சேற்றில் இறங்கித் தேடினார். கடைசியில் சதுப்பு மரங்களுக்குள் கயிற்றோடு சிக்கிக் கிடந்தது. தூக்க வந்த அன்செல்மோவை அடெல்ஃபா கிட்டே சேர்க்கவில்லை. அன்றிலிருந்து அவரோடு பேச்சில்லை. ஒத்திகைக்கு மட்டும் முதல் ஆளாக வந்து நிற்பாள். இப்போது ஊரெல்லாம் துக்கம் கேட்டு வந்துபோன வீட்டுக்கு அவள் மட்டும் வரவில்லை. எல்லாரும் அதைக் கவனித்தார்கள், யாரும் வாயைத் திறக்கவில்லை.

ரூபென் கொதித்துப்போய் உள்ளே வந்தான். "பழி தீத்துக்கிறா, அண்ணி."

"அவ சரியாத்தான் சொல்றா. உங்க அண்ணன் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாரு." பூரிங் நாற்காலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நீ போ. நான் வரலை."

"என்ன அண்ணி விளையாடுறீங்களா?"

"அவரைத் தனியா விட்டுட்டு எங்கே போறது? மகன் வந்து அப்பா எங்கேன்னு கேட்டா, கடல்ல போயித் தேடுன்னா சொல்ல முடியும்?"

அவளுக்குப் பயமாக இல்லை, அதுதான் ஆச்சரியம். இருபது வருஷம் ஒவ்வொரு புயலுக்கும் அந்த மனுஷன் ஊரைக் காப்பாற்றப் போய்விடுவார். இவள் மூட்டையும் பிள்ளையுமாகத் தனியே வண்டி ஏறுவாள். ஒரு புயலிலாவது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம் என்று எத்தனையோ தடவை நினைத்ததுண்டு. இன்றைக்கு அவர் எங்கேயும் போகப் போவதில்லை. அந்த நினைப்பில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

வண்டி மேட்டுக்குப் போயிற்று, திரும்பி வந்தது, மறுபடி போயிற்று. ரூபென் வாசலுக்கும் சாலைக்குமாக அலைந்தான். மணி இரண்டே கால் இருக்கும். படியில் காலடி கேட்டது. அடெல்ஃபா உள்ளே வந்தாள். ஒரு தோளில் பெரிய அபாக்காக் கயிற்றுச் சுருள், கக்கத்தில் பட்டியல். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

துக்க வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் காபி கொடுக்க வேண்டும். பூரிங்கின் கை தானாகவே பிளாஸ்க்கைத் தேடியது.

"இப்போ காபி குடிக்கிற நேரமா? அப்புறம் குடிக்கிறேன்," என்றாள் அடெல்ஃபா. பெட்டியின் பக்கம் அவள் பார்க்கவில்லை. "நூத்தி அறுபத்தி மூணு பேர்ல அஞ்சு பேர்தான் பாக்கி. நீ, நான், ரூபென், வண்டியில ஆளேத்துற ரெண்டு மீன்காரப் பசங்க. எந்திரி."

"என் பேரை அடிச்சிரு."

"அடிக்க மாட்டேன். உன் புருஷன் என்னைத் தூக்கிட்டுப் போனாரு. நான் உன்னைத் தூக்கப் போறதில்லை, எனக்கு இடுப்புல சுளுக்கு. நீயா நடந்து வா."

"அடெல்ஃபா, உனக்குத் தெரியாததா? எப்படி விட்டுட்டு வருவேன்?"

"எனக்குத் தெரியுங்கிறதாலதான் வந்தேன்." அவள் கயிற்றைத் தரையில் போட்டாள். பிஸ்கட் தூளெல்லாம் பறந்தது. "வீட்டுத் தூண்ல கட்டினேன் பாரு, அங்கதான் நான் ஏமாந்தேன். வீடு நம்மளை நம்ப வைக்கும், காத்து வந்தா முதல்ல அதுதான் ஓடும். போன தடவை இந்தக் கரையில நின்னது ஒண்ணே ஒண்ணுதான், அந்தோணியார் கோயில் மணித்தூண். அதுல கட்டுவோம்."

"வீட்டை விட்டு வெளியே எடுத்தா திரும்ப உள்ளே கொண்டுவரக் கூடாதே."

"வீடு இருந்தாத்தானே கொண்டுவர?"

ரூபென் சிரித்துவிட்டுச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான். பூரிங்குக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. கூடவே அழுகையும் வந்தது. சாவு வீட்டில் பெட்டிமேல் கண்ணீர் விழக் கூடாது, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தனியா விடக் கூடாதே," என்றாள் மெதுவாக.

"கோயில்ல அந்தோணியார் சுரூபம் இருக்கில்ல? துணைக்கு அவரு இருப்பாரு. காணாமப் போனதைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறவரு." அடெல்ஃபா பட்டியலை மடித்துக் கோட்டுக்குள் செருகினாள். "என் விஷயத்துல மூணு நாள் எடுத்துக்கிட்டாரு. அந்த மூணு நாள் உனக்கு வேணாம், பூரிங்."

மழை தகரக் கூரையில் சடசடத்தது. பூரிங் கண்ணாடிக்கு மேல் மரமூடியைச் சாத்தினாள். பிறகு எழுந்தாள்.

"இவ்வளவு கயிறு திடீர்னு எங்க கிடைச்சுது?" என்று கேட்டாள்.

"அவரு செத்த அன்னைக்கு ரேடியோவுல புயல்னு சொன்னான். அன்னைக்கே எடுத்து வச்சேன்."

பெட்டியைத் தூக்க ரூபெனும் மீனவர்கள் இருவரும் வந்தார்கள். மூன்று மூலைக்குத்தான் ஆள் இருந்தது. பூரிங் நாலாவது மூலைக்குப் போவதற்குள் அடெல்ஃபா குனிந்து தோள் கொடுத்திருந்தாள். இடுப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கோயில் ஐம்பது அடி தூரம். காற்று குறுக்கே தள்ளியது, நாலு பேரும் பக்கவாட்டில் நண்டு மாதிரி நடந்தார்கள். பூரிங் பின்னாலேயே பிளாஸ்க்கை அணைத்துக்கொண்டு போனாள்.

தூணைச் சுற்றிக் கயிற்றை இறுக்கப் போன ரூபெனின் கையில் அடெல்ஃபா ஒரு தட்டுத் தட்டினாள். "இறுக்காதே. தண்ணி வந்தா பெட்டி மிதக்கும், மிதக்க இடம் வேணும். இறுக்கிக் கட்டினா பலகைதான் பிளக்கும்." மூன்று கை நீளம் தளர்த்திவிட்டு, முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டாள். ஒவ்வொரு முடிச்சையும் பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தாள். ஒன்பது வருஷமாக மனசுக்குள் போட்டுப் போட்டுப் பார்த்த முடிச்சு என்பது அவள் கை போன வேகத்திலேயே தெரிந்தது.

பிறகு தள்ளி நின்று விசிலை வாயில் வைத்தாள். கரையில் கேட்பதற்கு ஆள் யாரும் இல்லை. இருந்தாலும் மூன்றாவது விசிலை முழு மூச்சோடு ஊதினாள். ஊதாமல் விட்டால் அந்த மனுஷன் எழுந்து வந்து திட்டுவார் என்றாள்.

வண்டியில் ஏறும்போது பூரிங் ஒரு தடவைதான் திரும்பிப் பார்த்தாள். மழையில் தூண் மட்டும் தெரிந்தது.

மறுநாள் நண்பகலுக்குள் காற்று ஓய்ந்துவிட்டது. பாலம் திறந்ததும் அவர்கள் இறங்கி வந்தார்கள். தென்னைகளுக்கு மண்டையில்லை. பூரிங்கின் வீடு இருந்த இடத்தில் மூன்று படியும் சிமெண்டுத் தரையும் மிச்சம். மூன்று நாளாகப் பெருக்காத தரையைப் புயல் சுத்தமாகப் பெருக்கி, கழுவியும் விட்டிருந்தது. பூரிங் அங்கே நிற்கவில்லை, நேரே கோயிலுக்கு நடந்தாள். வழியில் அவள் வாய் எதையோ சொல்லிக்கொண்டே வந்தது. ஜெபமா வசவா என்று ரூபெனுக்குப் புரியவில்லை.

கோயிலுக்குக் கூரையில்லை. தூண் நின்றது. அதன் அடியில், இடுப்பளவு சேற்றுக் குப்பைக்கு நடுவில், பெட்டி ஒருக்களித்துக் கிடந்தது. கயிறு ஊறிப் பருத்திருந்தது. ஒரு முடிச்சும் நெகிழவில்லை.

பூரிங் அப்படியே சேற்றில் உட்கார்ந்து பெட்டிமேல் தலையைச் சாய்த்தாள். "இருக்காரு," என்றாள். "எங்கேயும் போகலை."

ரூபென் அரிவாளை ஓங்கினான்.

"வெட்டாதே," என்றாள் அடெல்ஃபா. "அன்னைக்கு என் வீட்டுக்காரர் பெட்டியை அப்படி வெட்டித்தான் எடுத்தாங்க."

அவள் மண்டியிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு முடிச்சாக நகத்தால் நெருடி அவிழ்த்தாள். அரைமணி நேரம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு எல்லாருமாகப் பெட்டியை நிமிர்த்தினார்கள். பூரிங் மூடியைத் திறந்தாள். கண்ணாடி உள்பக்கம் லேசாக வேர்த்திருந்தது, உடையவில்லை. அன்செல்மோவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சாய்ந்ததில் காலர் கீழே இறங்கி, காதுக்கடியில் நாலு கோடும் பளிச்சென்று தெரிந்தன.

அடெல்ஃபா பார்த்தாள். அவர் செத்த பிறகு இப்போதுதான் அந்த முகத்தை முதல்முறை பார்க்கிறாள்.

"கண்ணாடியைக் கழட்டி காலரைச் சரி பண்ணிரலாமா, அண்ணி? பையன் வரப்போறான்," என்று ரூபென் கேட்டான்.

"வேணாம். இப்பத்தான் அவரு மாதிரி இருக்காரு," என்றாள் பூரிங்.

அடெல்ஃபா கை நகத்துச் சேற்றைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். ஒரு பலகையை இழுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு, நிதானமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"காபி இருக்கா?" என்றாள்.

பூரிங் பிளாஸ்க்கின் மூடியைத் திருகினாள். பள்ளிக்கூடத்தில் விடிகாலை ஊற்றியது. இன்னும் லேசாக ஆவி வந்தது.